கடற்பாசியும் நீர்க்களியும்: அடுக்களையிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த ஓர் அறிவின் வரலாறு

ஆங் மோ கியோவின் உணவங்காடிகளில் பிற்பகல் வேளையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒரு தின்பண்டத்திலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். கீழே பச்சை, மேலே தேங்காய்ப்பால் வெண்மை என இரண்டு அடுக்காக உறைந்து, சதுரத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும் அதனை மலாய் மக்கள் அகர்-அகர் என்பர். நோன்பு மாதத்தில் தமிழ் முசுலிம் இல்லங்களில் கஞ்சியோடு அது வந்து சேரும்போது அதற்குக் கடற்பாசி என்று பெயர். பேச்சு வழக்கில் கடப்பாசி. தமிழகத்துக் கடைகளில் அதன் உலர்ந்த இழைகளைச் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்குவர். ஒரே பொருளுக்கு மூன்று பெயர். மூன்றும் மூன்று கடல்வழிகளைச் சொல்கின்றன.

முப்பது பாகை வெப்பமுள்ள நம் ஊரில் அந்தத் துண்டு பிற்பகல் முழுவதும் பெட்டிக்குள் உருகாமல் நிற்கிறது. நாம் அதனைக் கவனிப்பதில்லை. ஆயினும் உருகாமல் நிற்கும் அந்த ஒரு பண்பே 1881 ஆம் ஆண்டில் நுண்ணுயிரியல் என்னும் துறையை நிலைநிறுத்த உதவியது. அதன்பின் குருதிப் புரதங்களைப் பிரித்தெடுக்கவும், புண்களுக்குக் கட்டுப்போடவும், பற்களுக்கு அச்செடுக்கவும் பயன்படும் பல பொருள்களின் வரலாறு அதனோடு இணைந்தது. அவ்வரலாற்றையும், அதில் இடம் பெறாமல் போன மனிதர்களையும், அதனைத் தமிழில் சொல்வதற்கான சொற்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

களி என்பது யாது

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக அமையும்போது அது கூட்டுச்சர்க்கரை எனப்படும். மாவுப்பொருள், செல்லுலோசு, பாசிகளிலுள்ள பசைப்பொருள் ஆகிய அனைத்தும் இவ்வகையின. இச்சங்கிலிகள் நீரில் தனித்தனியே மிதந்தால் அது கொழகொழப்பான கரைசல். அவை ஆங்காங்கே ஒன்றையொன்று பற்றி முடிச்சிட்டுக்கொண்டால் வலை உருவாகிறது. வலையின் கண்களுக்குள் நீர் சிக்கிக்கொள்கிறது. நூறு பங்கில் தொண்ணூற்றெட்டுப் பங்கு நீராயிருந்தும் அது வழிந்தோடாமல் நிமிர்ந்து நிற்கிறது. அந்த முடிச்சுகளே குறுக்குப் பிணைப்புகள். அந்த வலையே நீர்க்களி.

களி என்னும் சொல்லைப் புதிதாகப் படைக்கவில்லை. தமிழ்வழி வேதியியலில் அச்சொல் வழங்குகிறது. அதற்கு முன்னரே திருவாதிரைக் களியிலும் உளுந்தங்களியிலும் கேழ்வரகுக் களியிலும் அது வழங்கிவந்தது. மேலைநாட்டில் 1860களில் தாமஸ் கிரேயம் என்னும் வேதியியலறிஞர் கூழ்மங்களை ஆராய்ந்து அவற்றுக்குப் பெயரிட்டபோது, எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் என்னும் சமையற்பொருளின் பெயரைத்தான் சுருக்கி ஜெல் என்று வைத்தார். அவர்கள் தம் அடுக்களைச் சொல்லை எடுத்தனர். நாம் நம் அடுக்களைச் சொல்லை எடுக்கிறோம்.

நம்மவர் அன்றாடம் காணும் நீர்க்களிகள் பல. பனை நுங்கு நீரேறிய கூட்டுச்சர்க்கரையே. பாதாம் பிசின் சிறு கல்லளவே இருக்கும். இரவு நீரில் ஊறவைத்தால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும். மதுரையில் அதனைச் சிகர்தண்டாவில் இடுவர். சிராங்கூன் சாலைக் கடைகளிலும் அது கிடைக்கிறது. திருநீற்றுப்பச்சிலையின் விதையாகிய சப்ஜாவை நீரிலிட்டால் ஒவ்வொரு விதையும் கண்ணாடிபோன்ற உறையொன்றைப் போர்த்திக்கொள்ளும். உலர்ந்த பொருள் எத்தனை மடங்கு நீரை ஏற்கிறது என்பதைப் பாட்டிமார் கண்ணால் அளந்து வைத்திருந்தனர். ஆய்வகம் அதனையே தராசில் வைத்து அளக்கிறது.

தீவுக்கடலின் சொல்

அகர்-அகர் என்னும் மலாய்ச் சொல் இன்று ஏறத்தாழ எல்லா நாட்டு ஆய்வகங்களிலும் வழங்குகிறது. ஆயினும் அச்சொல்லின் பயணத்தில் ஒரு திருப்பம் உண்டு. மலாய்த் தீவுக்கூட்டத்துப் பவளத்திட்டுகளில் விளையும் யூக்கியூமா என்னும் செம்பாசியையே அச்சொல் முதலில் குறித்தது. இன்றைய வேதியியலின்படி யூக்கியூமாவிலிருந்து கிடைப்பது காராகீனன் என்னும் வேறொரு கூட்டுச்சர்க்கரை. சப்பானியர் ஜெலிடியம் என்னும் பாசியிலிருந்து எடுத்த கான்டன் என்னும் பொருளுக்குப் பின்னாளில் உலக வணிகம் மலாய்ப் பெயரைச் சூட்டியது. பெயர் தெற்கிலிருந்தும் பொருள் வடக்கிலிருந்தும் வந்து ஒன்றாயின.

சப்பானில் கான்டன் பிறந்த கதை பலரும் அறிந்ததே. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கியோட்டோவை அடுத்த புஷிமியில் விடுதி நடத்திய மினோ தரோசாயெமோன் என்பவர் எஞ்சிய பாசிக்களியைக் குளிர்கால இரவில் வெளியே எறிந்தார் என்றும், அது இரவில் உறைந்து பகலில் உருகி, சில நாளில் எடையற்ற உலர்ந்த சக்கையாகக் கிடந்தது என்றும், அதனை மீண்டும் காய்ச்சியபோது முன்னிலும் தெளிவான களி கிடைத்தது என்றும் சொல்லப்படுகிறது. கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்க, அதிலுள்ள செய்முறை முற்றிலும் உண்மை. உறையும்போது நீர் பனிக்கட்டியாகப் பிரிகிறது. உருகும்போது நீரோடு நிறமும் உப்பும் வடிந்துபோகின்றன. வலை மட்டும் எஞ்சுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிக நூல்களில் சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து சீனத்துக்கு ஏற்றப்பட்ட சரக்குகளுள் ஒன்றாக அகர்-அகர் இடம்பெறுகிறது. சீனத்தில் அது உணவாகவும், பட்டுத்துணிக்கும் காகித விளக்குகளுக்கும் பசையாகவும் பயன்பட்டது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த பர்க்கில் 1935 இல் வெளியிட்ட மலாய்த் தீபகற்பப் பொருளாதார விளைபொருள் அகராதியும் இதனைப் பதிவு செய்கிறது. எனவே நம் உணவங்காடிப் பெட்டியிலுள்ள துண்டு, இத்துறைமுகத்தின் பழைய வணிகத்துக்கு ஒரு சான்றாகவும் நிற்கிறது.

யாழ்ப்பாணப் பாசி

தமிழ்க் கடற்கரையின் பங்கும் இதில் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளிலும் விளையும் கிராசிலேரியா என்னும் செம்பாசியை நம் கடலோர மக்கள் கஞ்சிப்பாசி என்று அழைத்தனர். அதனைக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்த வழக்கம் பெயரிலேயே பதிந்துள்ளது. கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஓஷானசி 1830களில் இப்பாசியை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1874 இல் இலண்டனில் வெளியான ஃபார்மகோகிராஃபியா என்னும் மருந்துப்பொருள் நூல் இதனை இலங்கைப் பாசி என்றும் யாழ்ப்பாணப் பாசி என்றும் குறித்தது. நோயாளிக்கு ஏற்ற எளிய உணவு என்பதே அன்றைய மருத்துவர் கண்ட பயன்.

ஐரோப்பாவின் மறுபுறத்தில், பாரிசு நகரில் பாயன் என்னும் வேதியியலறிஞர் 1859 இல் சீனத்திலிருந்து வந்த பாசிப்பொருளை ஆராய்ந்து அதன் களிப்பொருளுக்கு ஜெலோசு எனப் பெயரிட்டார். இவ்வாறு 1880 அளவில் இப்பொருள் மருந்து நூலிலும் வேதியியல் நூலிலும் வணிக நூலிலும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் இதன்மீது நுண்ணுயிரை வளர்க்கலாம் என்று அந்நூல்களைப் படித்தோர் எவரும் எண்ணவில்லை. அந்த எண்ணம் ஓர் அடுக்களையிலிருந்து வந்தது.

1881

நுண்ணுயிரியலின் முன்னோடியாகிய ராபர்ட் கோக் நோய்க்கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க ஒரு திண்மப் பரப்பைத் தேடினார். முதலில் அவித்த உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தைப் பயன்படுத்தினார். பின்னர் இறைச்சிச் சாற்றை ஜெலட்டினால் உறையவைத்தார். ஜெலட்டினுக்கு இரண்டு குறைகள் இருந்தன. மனித உடலின் வெப்பநிலையில் அது உருகிவிடும். நோய்க்கிருமிகளோ அந்த வெப்பநிலையில்தான் நன்கு வளர்வன. மேலும் ஜெலட்டின் ஒரு புரதமாதலால் பல நுண்ணுயிர்கள் அதனையே தின்று நீராக்கிவிடும்.

கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் எஸ்ஸே என்னும் மருத்துவர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். கோடை வெயிலில் அவருடைய ஜெலட்டின் உருகி ஆய்வுகள் வீணாயின. அவருடைய துணைவியார் ஃபேனி எஸ்ஸே அம்மையார் அவ்வாய்வுகளுக்கு உதவி செய்தவர். நூல்களுக்கு நுட்பமான ஓவியங்களும் வரைந்தவர். நியூயார்க்கில் வளர்ந்த அவருக்கு அங்கே சாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தார் அண்டை வீட்டினராயிருந்தனர். அவர்களிடம் கற்ற அகர்-அகரைக் கொண்டு தாம் செய்யும் பழக்களிகள் கோடையிலும் உருகுவதில்லை என்பதை அவர் தம் கணவருக்குச் சொன்னார். 1881 இல் அது சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. கோக்குக்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது. 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அவர் உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டுக் கட்டுரையில் அகர் குறித்து ஒரு சிறு குறிப்பு மட்டும் உண்டு. அதனைக் கொணர்ந்தவர் பெயர் அதில் இல்லை. 1887 இல் பெட்ரி என்பார் வடிவமைத்த மூடித்தட்டு அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. அதில் ஊற்றப்படும் களிக்கு எஸ்ஸே அம்மையாரின் பெயர் அமையவில்லை. 1934 இல் அவர் மறைந்தார்.

இந்த நிகழ்ச்சியை அறிவியல் வரலாற்று நூல்கள் இன்று அடிக்கடி சொல்கின்றன. அவை நிற்கும் இடத்திலிருந்து நாம் ஓர் அடி மேலே செல்ல வேண்டும். எஸ்ஸே அம்மையாருக்குச் சொன்ன அண்டை வீட்டாருக்கு அதனைச் சொன்னவர் யார்? சாவாவில் அக்குடும்பத்தின் அடுக்களையில் நின்ற பெண்களாகவே அவர்கள் இருந்திருத்தல் கூடும். அவர்களுக்குப் பெயரே இல்லை. குளிர்நாட்டு அடுக்களைக்கு ஜெலட்டின் போதுமானது. பனிப்பெட்டி இல்லாத வெப்பமண்டல அடுக்களைக்கு உருகாத களி தேவைப்பட்டது. அத்தேவைதான் அகரைத் தேர்ந்தெடுத்தது. கோக்கின் ஆய்வகம் தேடிய விடையை நம் தட்பவெப்பம் பல தலைமுறைகளுக்கு முன்னரே அடுக்களைகளில் சோதித்து முடித்திருந்தது.

பிணைப்பின் வகைகள்

அகர் ஏன் உருகவில்லை என்பதற்கான விடை கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 1937 இல் சப்பானிய வேதியியலறிஞர் அராகி, அகரில் இரண்டு கூறுகள் உண்டென்று காட்டினார். நன்கு உறையும் கூறு அகரோசு; உறையும் ஆற்றல் குறைந்தது அகரோபெக்டின். 1974 இல் அகரோசுச் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு இரட்டைச் சுருளாகின்றன என்னும் அமைப்பு முன்வைக்கப்பட்டது. அச்சுருள்கள் பல சேர்ந்து கயிற்றுப்புரிபோல் கற்றையாகின்றன. கரைசல் ஏறத்தாழ 35 முதல் 40 பாகை செல்சியசில் உறைகிறது; உறைந்த கற்றையை அவிழ்க்க ஏறத்தாழ 85 பாகை வேண்டும். கட்டும் வெப்பமும் அவிழும் வெப்பமும் இவ்வாறு வெகுதொலைவு விலகி நிற்பதே அகரின் சிறப்பு. இவ்வகைப் பிணைப்பில் வேதிவினை ஏதுமில்லை. சூடாக்கினால் அவிழும், ஆறினால் மீண்டும் கட்டும்.

இரண்டாம் வகை, உப்புக்களால் அமையும் பிணைப்பு. எஸ்ஸே அம்மையார் அகரைச் சொன்ன அதே 1881 இல் பிரிட்டனில் ஸ்டான்ஃபோர்டு என்பார் பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜின் என்னும் பொருளை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சோடியம் ஆல்ஜினேட்டு நீரில் கரையும். அதனைச் சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடுக் கரைசலில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணமே முத்தாக உறைந்துவிடும். இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே உள்ள குழிகளில் கால்சியம் அயனிகள் முட்டைத் தட்டில் முட்டைகள் போல் அமர்ந்து அவற்றைப் பிணைக்கின்றன என்று 1973 இல் கிராண்டு, ரீசு முதலியோர் விளக்கினர். புண் கட்டும் துணிகளிலும் பல் மருத்துவரின் அச்சுப்பொடியிலும் இவ்வினையே நிகழ்கிறது.

மூன்றாம் வகையே ஆய்வகம் தானே முனைந்து செய்தது. சுவீடனின் உப்சாலாவில் போராத்து, ஃபுளோடின் ஆகிய இருவரும் டெக்ஸ்ட்ரான் என்னும் கூட்டுச்சர்க்கரையை எடுத்துக்கொண்டனர். சர்க்கரைப்பாகில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் அதனை உண்டாக்குகிறது. அதனைக் காரக்கரைசலில் எபிகுளோரோஹைட்ரின் என்னும் வேதிப்பொருளோடு வினைபுரியச் செய்து, சங்கிலிகளை நிலையாகப் பிணைத்தனர். இப்பிணைப்பு சூட்டாலும் அவிழாது. அந்த மணிகளை ஒரு குழாயில் நிரப்பிப் புரதக் கரைசலை ஊற்றினால், சிறு மூலக்கூறுகள் மணிகளின் வலைக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு பிந்தி வரும்; பெரிய மூலக்கூறுகள் புக இடமின்றி முந்தி வரும். 1959 இல் இம்முறை வெளியாயிற்று. செஃபடெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்கும் வந்தது. எபிகுளோரோஹைட்ரின் நச்சுத்தன்மை உடையதாதலால், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் போன்ற தீங்கற்ற பிணைப்பான்களைப் பின்வந்தோர் நாடினர். சிட்ரிக் அமிலத்தால் பிணைக்கப்பட்ட செல்லுலோசு நீர்க்களி ஒன்று, உடற்பருமன் குறைக்கும் விழுங்குபொருளாக 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அளந்தறிதல்

களி செய்வது பாதி; அளப்பது மறுபாதி. கூட்டுச்சர்க்கரைக் களிகளுக்கு இரண்டு அளவுகள் இன்றியமையாதன.

முதலாவது வலிமை. ஜெலட்டினுக்காக ஆஸ்கர் புளூம் என்பவர் 1925 இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். குறித்த அகலமுள்ள உலக்கையைக் களிக்குள் 4 மில்லிமீட்டர் அமிழ்த்த எவ்வளவு எடை வேண்டும் என்பதே அதன் அளவு. அகருக்குச் சப்பானியர் வேறொரு முறை வகுத்தனர். நூற்றுக்கு 1.5 பங்கு அகர் கரைத்து, 20 பாகையில் 15 மணி நேரம் உறையவிட்டு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது எடையேற்றுவர். 20 விநாடிகள் உடையாமல் தாங்கும் மிகுந்த எடையே அக்களியின் வலிமை.

இரண்டாவது வீக்கம். உலர்ந்த பொருளை நிறுத்து, நீரில் ஊறவைத்து, மேல்நீரை ஒற்றியெடுத்து மீண்டும் நிறுப்பர். பிணைப்புகள் மிகுந்தால் வலைக்கண் சுருங்கும். ஏற்கும் நீர் குறையும். பிணைப்புகள் குறைந்தால் நீர் மிகும். ஆனால் களி தளர்ந்து நொறுங்கும். 1943 இல் ஃபுளோரியும் ரேனரும் இதற்குக் கணிதவடிவம் தந்தனர். செஃபடெக்ஸ் மணிகளின் பெயர்களிலேயே இவ்வளவு உறைந்துள்ளது. 25 என்னும் எண்ணுடையது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2.5 மில்லிலிட்டர் நீரை ஏற்கும். 200 என்பது 20 மில்லிலிட்டர் ஏற்கும். எண் வளர வளரப் பிணைப்பு குறைகிறது.

இவ்விரு சோதனைகளையும் அடுக்குமாடி வீட்டு அடுக்களையில் நாம் செய்துபார்க்கலாம். சமையல் தராசு ஒன்றும் எடைக்குச் சில நாணயங்களும் போதும். ஒரு கிண்ணத்தில் அகர், மற்றொன்றில் ஜெலட்டின் என இரண்டையும் குளிர்பெட்டியில் உறையவைத்து மேசைமேல் எடுத்துவைத்தால், நம் ஊரின் வெப்பத்தில் ஜெலட்டின் கிண்ணம் சிறிது நேரத்தில் தளர்ந்துபோகும். எஸ்ஸேயின் கோடைக்காலம் நம் மேசைக்கு வந்துவிடும்.

அளத்தலின் பயனைக் கஞ்சிப்பாசி நன்கு விளக்குகிறது. கிராசிலேரியாவைக் காய்ச்சினால் கிடைப்பது மென்மையான களி. கஞ்சிக்கு அது போதும், ஆய்வகத்தட்டுக்குப் போதாது. சங்கிலியில் ஆங்காங்கே ஒட்டியுள்ள சல்பேட்டுத் தொகுதிகள் சுருளை வளைத்து முடிச்சிடவிடாமல் தடுப்பதே காரணம். காய்ச்சுவதற்கு முன் பாசியைக் காரக்கரைசலில் சூடாக்கினால் அத்தொகுதிகள் நீங்கிக் களியின் வலிமை பெருகும். அடுக்களை அறிவு நம்மை இதுவரை அழைத்துவந்தது. இதற்கப்பால் தராசும் வேதியியலும் தேவைப்பட்டன. இதனை ஒப்புக்கொள்வது அடுக்களைக்கு இழுக்கன்று.

மன்னார் வளைகுடாவின் பெண்கள்

இரண்டாம் உலகப் போரின்போது சப்பானிய அகர் வருவது நின்றது. மருத்துவமனைகளுக்கும் தடுப்பூசி நிலையங்களுக்கும் அகர் இன்றியமையாததாகையால் பல நாடுகள் தத்தம் கடற்கரைகளைத் தேடின. இந்திய ஆய்வாளரின் கவனம் தமிழகக் கடற்கரைக் கிராசிலேரியாவின்மீது விழுந்தது. அதற்கான அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927 இல் குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி எழுதியிருந்தார். 1947 இல் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளில் மண்டபம் முகாமில் நிலைகொண்டது. அங்கே பிரான்செஸ்கா தீவி அம்மையார் போன்றோர் இந்தியப் பாசிகளையும் அவற்றின் களிகளையும் ஆராய்ந்தனர். மண்டபம் முகாம் என்பது இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய இடம். புலம்பெயர்ந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அப்பெயரைக் கடந்துபோவது எளிதன்று.

பாசியைப் பறித்தவர்கள் பெண்கள். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளில் பாசி பறித்தனர். அவர்கள் வைத்த பெயர்களைக் கேளுங்கள்: அகருக்கு ஏற்ற ஜெலிடியெல்லா மரிக்கொழுந்துப் பாசி, ஆல்ஜினேட்டுக்கு ஏற்ற சர்காசம் கட்டக்கோரை, டர்பினேரியா பக்கோடாப் பாசி. இலத்தீனப் பெயர்கள் நூலறிவால் வந்தவை. இவை கைகளால் தொட்டறிந்து வந்தவை. வகைப்பாட்டில் இவையும் பிழையற்றவை.

1986 இல் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989 இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளங்களைக் காக்கும் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிப் பறித்துவந்த பெண்களின் வாழ்வு அதனால் இடருக்குள்ளாயிற்று. பறிக்கும் நாள்களைத் தாமே குறைத்துக்கொண்டு, தம் உரிமைக்கும் கடலின் நலத்துக்கும் ஒருசேரக் குரல் கொடுத்த பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அம்மையாருக்கு 2015 இல் சீகாலஜி விருது கிடைத்தது. மற்றொரு புறம், 2000 ஆம் ஆண்டை ஒட்டிக் காராகீனன் தரும் காப்பாஃபைக்கசு என்னும் அயற்பாசியின் வளர்ப்பு வணிக அளவில் பரவிப் பல குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. 2008 இல் அப்பாசி குருசடைத் தீவருகே பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர் பதிவு செய்தனர். வருவாயா பவளமா என்னும் வழக்கு அங்கே இன்னும் முடியவில்லை. ஆய்வகத் தட்டிலுள்ள தெளிந்த களிக்குப் பின்னே இவ்வழக்கும் இருக்கிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சொல்லும் உரிமையும்

இவ்வரலாற்றைச் சொல்வதில் நமக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. தமிழர் கண்டுபிடித்தனர் என்று உரிமை கொண்டாடுவது அவற்றுள் ஒன்றன்று. சொல் மலாய், உலர்த்தும் முறை சப்பான், வணிகம் சீனம், சோதனை செருமனி, வேதியியல் பல நாட்டார்க்குரியது. நம் கடற்கரை தந்தது ஒரு பங்கு. அந்தப் பங்கைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே நேர்மை.

முதல் நோக்கம், பெயரற்றவர்களுக்கு உரிய இடத்தைக் காட்டுவது. இரண்டாவது, நம் மொழியைப் பற்றியது. சிங்கப்பூரில் தமிழ் அடுக்களைக்குள் ஒடுங்கிவிட்டது என்று கவலையோடு சொல்லப்படுவதை நாம் கேட்டுவருகிறோம். கவலை நியாயமானதே, பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கும் பிள்ளைக்கு வேதியியலைத் தமிழில் பேச வாய்ப்பு அரிது. ஆனால் அடுக்களை என்பது அறிவு இல்லாத இடம் என்னும் எண்ணத்தை இவ்வரலாறு மறுக்கிறது. உறைதல், ஊறுதல், இறுகுதல், தளர்தல், கசிதல், பாகு, பிசின், பசை, கூழ், களி ஆகிய சொற்கள் யாவும் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் சொற்கள். கூட்டுச்சர்க்கரை நீர்க்களியின் முழு நடத்தையையும் இவற்றைக்கொண்டே விளக்கலாம். இக்கட்டுரையில் அவ்வாறே செய்ய முயன்றோம். குறுக்குப் பிணைப்பு போன்ற சில கலைச்சொற்களையும், எபிகுளோரோஹைட்ரின் போன்ற சில கடன்சொற்களையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆங் மோ கியோ என்னும் பெயருக்கே பொருள் என்ன என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தக்காளியைக் குறிக்கும் ஹொக்கியன் சொல் என்பார் சிலர். செம்முடியரின் பாலம் என்பார் சிலர். பொருள் மங்கினாலும் ஊர் வாழ்கிறது. அகர் என்னும் சொல் பாசி மாறியும் வாழ்கிறது. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்னும் சொற்களுக்கு அந்த நல்லூழ் தானாக வாய்க்காது. சொல்வோர் இருந்தால்தான் அவை வாழும்.

இவ்வட்டாரத்தில் உள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ வேறொரு கல்விக்கூடத்திலோ அகர்த் தட்டை ஊற்றக் கற்கும் தமிழ் மாணவர் ஒருவர், அன்று மாலை வீடு திரும்பித் தம் பாட்டியிடம் அதனைத் தமிழில் விளக்கட்டும். எத்தனை கிராமுக்கு எவ்வளவு நீர் என்று பாட்டி கேட்பார். கை அளவைச் சொல்வார். ஆறும் முன் தொடாதே என்பார். அந்த உரையாடலில் இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். அதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன.